பாவ அறிக்கையை எடுத்துவிட்டால்...



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கீழே ‘ஆமென்’ என்று மட்டும் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

எங்கள் சேகரத்தில் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வாலிபப் பிள்ளைகளுக்கென்று தனி ஆராதனை ஒன்று தொடங்கப்போகிறார்கள். நல்ல காரியம், எனக்குச் சந்தோஷமே. அதன் ஒழுங்குமுறையை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். வரவேற்பு, இருபத்தைந்து நிமிஷம் துதிப்பாடல்கள், ஒரு சாட்சி, இருபது நிமிஷம் செய்தி, காணிக்கை (திரையில் கியூஆர் கோடு வருமாம்), அறிவிப்பு, ஆசீர்வாதம், அப்புறம் வெளியே காபி. இரண்டு தடவை வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் வாசித்தேன். விசுவாசப் பிரமாணம் இல்லை. பழைய ஏற்பாட்டுப் பாடம் இல்லை. பாவ அறிக்கை இல்லை.

மறந்துவிட்டார்களோ என்று, இதைத் தயாரித்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுடைய அம்மா என்னிடம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்தவள். “மறக்கல டீச்சர், யோசிச்சுத்தான் எடுத்தோம்” என்றான். “அது கொஞ்சம் நெகட்டிவ்வா இருக்கு. முதல் தடவை கோயிலுக்குள்ள வர்ற பிள்ளைகிட்ட, உட்காரும் முன்னாடியே நீ பாவின்னு சொன்னா, அடுத்த வாரம் அவன் வருவானா? ஏற்கெனவே வீட்டுல, காலேஜ்ல, ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டுத்தான் வர்றாங்க. இங்கயாவது அவங்களுக்கு ஒரு தெம்பு வேணும்.”

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், தாமிரபரணிக் கரையெல்லாம் தண்ணீரில் நின்றபோது, சோற்றுப் பொட்டலங்களைத் தலையில் சுமந்துகொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போனவன் அவன். என்னைப்போல் வீட்டுக்குள் இருந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்களை விட அவன் விசுவாசம் குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் சொன்ன காரணம் என்னை நாலு நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக எது வந்தாலும் முகம் சுளிக்கிற பழம் பஞ்சாங்கம் நான் இல்லை. நான் சிறு பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெண் பீடத்தின் பக்கம் போவதென்றால் விளக்குமாற்றோடுதான் போவாள். தென்னிந்தியத் திருச்சபை 1976-ல் முதன்முதலாக ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013-ல் நந்தியால் அத்தியட்சாதீனத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். அன்று நான் செய்தித்தாளைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது. எங்கள் கோயிலில் திரை வைத்தபோதும் நான் முணுமுணுக்கவில்லை. கண்புரை வந்தவளுக்குப் பாமாலைப் புத்தகத்தைவிடத் திரை எவ்வளவோ மேல்.

ஆராதனை முறையே அப்படி மாறி மாறி வந்ததுதான். திருவிருந்தில் குருவானவர் நம் கைகளைத் தம் கைகளுக்குள் வாங்கி ‘சமாதானம்’ கொடுக்கிறாரே, அதை நாம் அடுத்தவருக்குக் கொடுக்கிறோமே, அது ஆங்கில மிஷனெரிமார் கொண்டுவந்ததல்ல. 1947-ல் நம் திருச்சபைகள் ஒன்றாகி, 1950-ல் புதிய திருவிருந்து முறை எழுதியபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர்கள் நல்லதைத்தான் எடுத்தார்கள். நான் காக்கச் சொல்லும் பாவ அறிக்கைகூட ஒரு காலத்தில் புதிதுதான். காலை ஜெபத்தின் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற அந்த அறிக்கை, 1549-ல் இங்கிலாந்தில் வந்த முதல் ஜெபப் புத்தகத்தில் இல்லை. 1552-ல் திருத்தியபோது சேர்த்தார்கள். அப்போதும் யாராவது ஒரு கிழவி “இதென்ன புதுசா?” என்று கேட்டிருப்பாள்.

தம்பி என்னை மடக்கியதும் இந்த இடத்தில்தான். “டீச்சர், நீங்க கண்ணீரோட பாடுற கீர்த்தனை எல்லாம் அந்தக் காலத்து உலகத்துப் பாட்டு மெட்டுதானே? அப்ப அவங்க செஞ்சா சரி, நாங்க செஞ்சா தப்பா?”

நல்ல கேள்வி. தமிழ் டீச்சரிடம் கேட்கவேண்டிய கேள்வியும்கூட. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்வோம். 1774-ல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு வயதில் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கவைத்தார். அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். குறவஞ்சி எங்கே இருந்தது? கோயில் திருவிழாவிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட நாட்டிய நாடகம் அது. குற்றாலக் குறவஞ்சியை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன், உலா வருகிற தலைவன், மயங்குகிற தலைவி, குறி சொல்லுகிற குறத்தி. அந்த முழு உருவத்தையும் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த மிஷனெரிமாரில் சிலருக்கு அவருடைய கீர்த்தனைகளே பிடிக்கவில்லை, கோயிலுக்குள் அது ஆகாது என்றார்கள். ஆகவே தம்பி சொன்னது உண்மை. இன்று நான் ‘பாரம்பரியம்’ என்று நெஞ்சில் வைத்திருப்பது அன்று உலகத்துச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டதுதான்.

ஆனால் சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்தபோது எதைக் கீழே போட்டார்? மெட்டு வந்தது, தாளம் வந்தது, குறத்தி வந்தாள். சிலுவையை அவர் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. மனுஷன் விழுந்துபோனவன், அவனை மீட்க ஒருவர் வரவேண்டியிருந்தது என்கிற செய்தியைச் சுமந்துபோகத்தான் அந்த மெட்டு அவருக்குத் தேவைப்பட்டது. நம் கையிலிருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் மனந்திரும்புதலுக்கென்றும் பாடுகளுக்கென்றும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நேற்று வந்த பத்துத் துதிப்பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டு அதிலும் எண்ணுங்கள். நான் எண்ணினேன். வாலிபர் குழுவில் பகிர்ந்த பத்தில், பாவம் என்ற சொல் ஒன்றில் வந்தது, அதுவும் போகிற போக்கில். ‘என்னை உயர்த்தினீர்’, ‘என்னை வைத்தீர்’, ‘எனக்குத் தந்தீர்’ என்ற பொருளில் வரும் சொற்களை எண்ணிக்கொண்டே வந்து நாற்பதில் நிறுத்திவிட்டேன். கிட்டாரையும் டிரம்ஸையும் நான் குறை சொல்லவில்லை. பாத்திரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், பால் எங்கே என்று கேட்கிறேன்.

சாஸ்திரியார் பேச்சு வந்ததால், என்னைப்போலப் பாரம்பரியம் பேசுகிற பெரியவர்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லவேண்டும். அதே சாஸ்திரியார், ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்தில் எல்லாரும் திருவிருந்து வாங்கவேண்டுமென்று புதிய மிஷனெரிமார் சொன்னபோது, அதை எதிர்த்து எழுதினார். சாதி வேறுபாடு நம் நாட்டு வழக்கம், அதில் கை வைக்காதீர்கள் என்றார். அவர் பாட்டைப் பாடி வளர்ந்தவள் நான். அந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. பாரம்பரியம் என்ற மூட்டையில் பொன்னும் இருக்கும், பூச்சியும் இருக்கும். நம் பெரியவர்கள் பல நேரம் பூச்சியைத்தான் பத்திரமாகக் காப்பாற்றினார்கள்.

இன்னும் சொல்லப்போனால், உலகம் நம் சபைக்குள் கிட்டாரோடு வரவில்லை. அதற்கு வெகு காலம் முன்னாலேயே வந்துவிட்டது. சபைத் தேர்தல் நேரத்தில் வேன் வைத்து ஆள் கூட்டி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, சாதிக்கணக்குப் பார்த்து ஓட்டுக் கேட்டவர்கள் யார்? வேட்டி கட்டி, ஜெபப் புத்தகம் பிடித்து, முதல் வரிசையில் உட்கார்ந்த என் வயதுக்காரர்கள். கல்யாணப் பத்திரிகையில் வேதவசனத்தைப் போட்டுவிட்டு, உள்ளே எத்தனை பவுன் என்று பேரம் பேசியதும் நாங்கள்தான். வரதட்சணையை ‘அன்பளிப்பு’ என்று பெயர் மாற்றியது எந்த வாலிபர் குழுவும் இல்லை. உலகத்தோடு ஒத்துப்போகிற வித்தையை இந்தப் பிள்ளைகள் யூடியூபில் படிக்கவில்லை. எங்களிடம்தான் படித்தார்கள். ஆகையால் அவர்களை மட்டும் விரல் நீட்டிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சரி, மற்றக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சொல்லுவதுதானே. கல்யாணத்தில் குருவானவர் உடன்படிக்கை சொல்லிக்கொடுக்கும்போது, டிரோன் தலைக்கு மேல் சுற்றுகிறது. என் தங்கை பேத்தி கல்யாணத்தில் புகைப்படக்காரர், “ஐயரே, மோதிரத்தை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க, வெளிச்சம் சரியில்ல” என்றார். ஐயரும் போடச் சொன்னார். அட்வெந்து நாட்கள் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை, டிசம்பர் முதல் வாரத்திலேயே ‘செமி கிறிஸ்மஸ்’ கேக் வெட்டி முடித்துவிடுகிறோம். பண்டிகை அன்றைக்குக் கோயிலுக்கு வரும்போது எல்லாருக்கும் கேக் திகட்டிப்போயிருக்கிறது. இவையெல்லாம் எனக்கு எரிச்சல்தான். ஆனால் எரிச்சல் வேறு, கவலை வேறு.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக்கூட அதிகம் பேசமாட்டேன். 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிட்டல் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று நூறு மீட்டரை விட்டுக்கொடுத்து, வேறொரு நாள் நானூறு மீட்டரில் தங்கம் வாங்கிய கதையை உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வருஷம் தவறாமல் சொன்னேன். பிறகு என் தம்பி பேரனுக்கு நீட் தேர்வு வந்தது. அது ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கிறது. “எரிக் லிட்டல் மாதிரி இரு” என்று நான் அவனிடம் சொன்னேனா? இல்லை. காலையில் எழுந்து தயிர்சாதம் கட்டிக்கொடுத்தேன். அதற்கு முந்தின இரண்டு வருஷம் ஞாயிறு காலைக் கோச்சிங் வகுப்புக்கு அவன் போனபோதும் வாய் திறக்கவில்லை. கதை சொல்லுவது சுலபம்.

என் உண்மையான கவலை வேறு. புது வருஷ நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, தட்டில் இருக்கும் அந்த அட்டைகளில் ஒன்றிலாவது கண்டிப்பான வசனம் வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? எரேமியா 29-ஆம் அதிகாரம் பதினோராம் வசனம் வரும், நிச்சயமாக வரும். காலண்டரிலும் அதுதான், காபிக் கோப்பையிலும் அதுதான், கார் கண்ணாடியிலும் அதுதான். நமக்கு நல்ல எதிர்காலம் உண்டென்று சொல்லுகிற வசனம். அதற்கு முந்தின வசனத்தை வாசித்துப் பாருங்கள், எழுபது வருஷம் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. எழுபது வருஷம் என்றால், அதைக் கையில் வாங்கி வாசித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அங்கேயே செத்துப்போவார்கள் என்று அர்த்தம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும், கவலைப்படாதீர்கள் என்கிறான். ஜனங்களுக்கு எந்தத் தீர்க்கதரிசி பிடித்திருப்பான் என்று நீங்களே சொல்லுங்கள். எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

எரேமியா அந்தக் கடிதத்தில் அவர்களைப் பாபிலோனை விட்டு ஒதுங்கி இருக்கச் சொல்லவும் இல்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். அந்த ஊர் மொழியைப் படித்தார்கள், அரண்மனையில் வேலைகூடப் பார்த்தார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான். பாபிலோனில் தாராளமாக இருங்கள். ஆனால் நாம் எங்கே இருந்து வந்தோம், ஏன் இங்கே வந்தோம் என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லவேண்டாமா?

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. இதுவரைக்கும் என் வீட்டார்க்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

1987. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு. உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள். பொதுத்தேர்வுக் கட்டணம் வசூலித்து மேஜை அறைக்குள் வைத்திருந்தேன். மாலையில் எண்ணினால் நாலு பிள்ளைகளின் பணம் குறைந்தது. மதிய இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்தவள் ஒருத்திதான். ஹாஸ்டல் பிள்ளை. அப்பா பனையேறி, அம்மா இல்லை. அவள் ஒருத்திதான் அதுவரை கட்டணம் கட்டியிருக்கவில்லை. என் மனசு எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டது பாருங்கள். ஹாஸ்டலுக்குப் போய், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். இரண்டு பாவாடை, ஒரு சீப்பு, கருப்பட்டித் துண்டு ஒன்று தாளில் சுற்றி, வேதாகமம். பணம் இல்லை. அப்படியும் விடவில்லை. “அடுத்த வாரத்துக்குள்ள கொண்டுவந்து வச்சுரு, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்றேன். எவ்வளவு பெருந்தன்மை!

புதன்கிழமை ராத்திரி பணம் கிடைத்தது. என்னுடைய மதிப்பெண் பதிவேட்டின் பிளாஸ்டிக் உறைக்குள், நானே செருகி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் போய், “பணம் கிடைச்சிருச்சு, விடுங்க” என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளே கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கரும்பலகைப் பக்கம் திரும்பி இலக்கணம் நடத்தினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. டீச்சர் தப்புப் பண்ணினாள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும், ஒழுக்கத்துக்கு நல்லதில்லை என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமைக்குள் அந்த நியாயம் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அப்போதிருந்த ஐயர் வயதானவர். எல்லா ஜெபத்தையும் ஒரே மாதிரி, ரயில் போவதுபோல் வேகமாக வாசிப்பார், ஏற்ற இறக்கமே இருக்காது. எங்களுக்கெல்லாம் அதில் குறைதான். பாவ அறிக்கைக்கு முழங்காற்படியிட்டோம். வாரவாரம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான வார்த்தைகள், அர்த்தம் பார்க்காமலே வாயில் வரும். அந்த அறிக்கையில், செய்த தப்பை மட்டும் சொல்லி முடிக்கமாட்டோம், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சொல்லுவோம், தெரியுமில்லையா? அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. சுற்றிலும் சபை முழுவதும் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி ஹாஸ்டல் பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். அதில் அவள் குரலும் இருந்தது. ஒரு தப்பும் செய்யாத பிள்ளை பாவி என்று சொல்லுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று எனக்கு ஞாபகமே இல்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடில் வகுப்பு முழுவதற்கும் முன்னால், பணம் எங்கே இருந்தது என்று சொன்னேன். புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்று, “சரி டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்ததுபோல் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பல மாதம் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. பிறகு நர்சிங் படித்தாள். இன்று வெளிநாட்டில் இருக்கிறாள், வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்று போன் பண்ணுகிறாள். இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். “எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க. கருப்பட்டியையும் எழுதுங்க” என்றாள்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். நீ போட்டிருக்கிற ஒழுங்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார், ராஜா. இருபத்தைந்து நிமிஷம் கை தட்டியிருப்பேன். கண்ணை மூடிக் கண்ணீர்கூட விட்டிருப்பேன். கர்த்தர் என்னை உயர்த்துவார், எனக்கு எதிராக எழும்புகிறவர்கள் வாய்க்காதே போவார்கள் என்று செய்தி கேட்டிருப்பேன். தெம்பாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தெம்போடு திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போய், அதே கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பேன். அந்தப் பிள்ளை திருடி என்ற பெயரோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிருப்பாள்.

எனக்கு வேண்டிய ஜெபத்தை நானே தேர்ந்தெடுத்திருந்தால் அன்றைக்கு அதை நான் தேர்ந்தெடுத்திருக்கமாட்டேன். எனக்குப் பிடிக்குமா, என் மனநிலை எப்படி என்றெல்லாம் கேட்காமல், அச்சடித்த புத்தகத்தில் அது பாட்டுக்கு இருந்தது. அதுதான் என்னைப் பிடித்தது. வாசித்தவருக்குக் குரல்வளம்கூட இல்லை.

பாவி என்று சொன்னால் புதிதாக வருகிற பிள்ளை பயந்துவிடும் என்கிறாய். அந்தப் பிள்ளை வெளியே என்ன அனுபவிக்கிறது என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை தப்பாக எழுதிவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் முழுக்கச் சுற்றவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் தோண்டி எடுக்கிறார்கள். குற்றம் சாட்டுவதில் இந்தக் காலத்தை மிஞ்சின காலம் இல்லை. மன்னிப்பு மட்டும்தான் எங்கேயும் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தான் சுத்தமில்லை என்பது ஏற்கெனவே தெரியும். “நீ சூப்பர், நீ ஜெயிக்கப் பிறந்தவன்” என்று நாம் சொன்னால், பாவம், இந்த இடத்திலும் நடிக்கவேண்டும்போல் இருக்கிறதே என்றுதான் அது நினைக்கும்.

கோயிலில் பாவ அறிக்கையைத் தனியாக யாரையும் நிறுத்திச் சொல்லவைப்பதில்லை. டாக்டரும், கோயில்பிள்ளையும், கமிட்டிச் செயலாளரும், அவர்மேல் வழக்குப் போட்டவரும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில் சொல்லுகிறார்கள். ஐயரும் சேர்ந்துதான் சொல்லுகிறார். அது முடிந்தவுடனே அவர் எழுந்து நின்று பாவமன்னிப்பை அறிவிக்கிறார். ஒரு வாரத்தில் ஒரு மனுஷன் காதில் “மன்னிக்கப்பட்டாய்” என்று விழுகிற ஒரே இடம் அது. அறிக்கையை எடுத்தால் அதையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டிவரும். அதை அந்த ஒழுங்கு எழுதினவர்கள் கவனித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நேரம் போதாது என்கிறீர்களாம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அறிக்கையும் மன்னிப்பும் சேர்த்து, எங்கள் பழைய ஐயர் வேகத்தில் ஒன்றரை நிமிஷம், நிதானமாகச் சொன்னால் மூன்று நிமிஷம். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கின ஆலயம் 1880-ல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்துமூன்று வருஷம் பொறுத்தவர்கள் வழியில் வந்த நாம் மூன்று நிமிஷம் பொறுக்கமாட்டோமா?

சேகரக் கமிட்டி வருகிற சனிக்கிழமை மாலை கூடுகிறது. ஐயரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன், வாங்கி வைத்துக்கொண்டார், “பார்ப்போம்மா” என்றார். கடிதத்தில் மற்ற எதையும் கேட்கவில்லை. டிரம்ஸ் இருக்கட்டும், காபி இருக்கட்டும், கியூஆர் கோடும் இருக்கட்டும். அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் திரும்பக் கேட்டிருக்கிறேன். பழைய வார்த்தைகள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் புதுத் தமிழில் எழுதிக்கொடுக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் தமிழ் நடத்தியது வேறு எதற்கு? ஆனால் செய்யாமல் விட்டதைச் சொல்லுகிற இடத்தை மட்டும் எடுக்க விடமாட்டேன்.

எங்கள் சேகரத்தில் இருக்கிற பழைய மாணவிகள், கமிட்டியில் இருக்கிற உங்கள் வீட்டுக்காரர்களிடம் சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை பேசுங்கள். என்னோடு ஒத்துப்போகாதவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி, கமிட்டி என்ன முடிவு எடுத்தாலும் முதல் ஆராதனைக்கு நான் ஆறேகாலுக்கே வந்துவிடுவேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை. முழங்கால் இப்போது மடங்குவதில்லை. அறிக்கை இருந்தால் திரையில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு. மனப்பாடம்தான், இருந்தாலும் போடு.